குளவி தேடி வந்த பெனின் நாட்டு அம்மிணி

என் சொந்தச் சீமையைச் சுற்றிப் பார்க்க எனக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் ஆள் வரவேண்டியிருந்தது. ராசிபுரம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காடு, வீடு, கோயில், சந்தை, எப்போதாவது சேலத்தில் ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் என் போக்குவரத்து. இந்தச் சித்திரையில்தான் ஏசி வண்டியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எங்கள் சீமையை வேடிக்கை பார்த்தேன். வண்டியில் கூட வந்த கவிதாதான் இதை எழுதச் சொன்னாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு இதற்குப் போதும் என்று அவள் சொன்னதை நம்பி எழுதுகிறேன்.

கவிதா சேலத்தில் பயிர் ஆராய்ச்சி வேலையில் இருக்கும் பெண். சில வருடங்களுக்கு முன் எங்கள் மரவள்ளிக் காடுகளில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி இறங்கியது. மரவள்ளியை நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம், விளைநிலத்தைக் காடு என்போம். கொழுந்தெல்லாம் சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிடும். அப்புறம் குச்சி மொட்டையாக நிற்கும், அடியில் கிழங்கு இருக்காது. எந்த மருந்துக்கும் அது அசையவில்லை. அப்போது கவிதாவும் அவளோடு இருப்பவர்களும் ஆப்பிரிக்காவில் பெனின் என்ற நாட்டிலிருந்து ஒரு குளவியைத் தருவித்தார்கள். எள்ளை விடச் சின்னது. நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு அதைத் தின்று வளரும். எங்கள் ஊரில் முதன்முதலில் அதை விட்டது என் காட்டில். பெண் கையால் திறந்தால் நல்லது என்று ஊரார் சொல்ல, டப்பா மூடியை நான்தான் திறந்தேன். அடுத்த வருடம் காடு பச்சை கட்டியது.

அந்தக் குளவிகளை அங்கே வளர்த்து அனுப்பிய அம்மாள்தான் இப்போது வந்திருந்தார். பெயர் செனாமி. நல்ல உயரம். தலைமுடியைப் பொடிப்பொடிச் சடையாகப் பின்னி மேலே தூக்கிக் கட்டியிருந்தார். பெரிய பெரிய பூப்போட்ட துணியில் கவுன். மூடி திறந்த பெண்ணையும் கூட அழைத்து வாருங்கள் என்று அவர் கேட்டாராம். நான் முடியாது என்று உள்ளே போய்விட்டேன். என் மருமகள் சேலையை எடுத்துக் கையில் கொடுத்து, "அத்தை, அத்தன தூரத்துலருந்து வந்தவங்க கேக்கறாங்க, இத்தன தூரம் போகமாட்டீங்களா?" என்று வண்டியில் ஏற்றிவிட்டாள்.

செனாமி வந்தது சும்மா பார்த்துவிட்டுப் போக அல்ல. அவர்கள் நாட்டில் வெயில் வருடா வருடம் ஏறுகிறதாம். வடக்கே காய்ந்த பக்கங்களில் அவர்களுடைய குளவி கோடையில் மடிந்துபோகிறது. எங்கள் வெயிலில் இத்தனை வருடம் பிழைத்துப் பெருகிய குளவிகள் தாங்கும் சக்தி பெற்றிருக்குமா என்று பார்க்க, அவற்றை உயிரோடு கொண்டுபோக வேண்டும். இரண்டு அரசாங்கத்து அனுமதியும் கையில் இருந்தது. குளவிதான் வேண்டும்.

"நெறைய கிடைக்குமுங்க" என்று நான் கவிதாவிடம் மெல்லச் சொன்னேன். அவ்வளவு நம்பிக்கை.

முதல் நாள் முதல் காட்டுக்குப் போனதும் கடவில் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தது. கடவு என்றால் வேலியில் உள்ள வழி. கோலம் வேறு. காட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் ஓடிவந்தார்.

"ஒரு பூச்சி இருந்தாக் காட்டுங்க மேடம், பாக்கலாம்! சுருண்ட கொழுந்தை பூராவும் நேத்தே ஆளு உட்டுக் கிள்ளி, குவிச்சுத் தீ வெச்சுட்டனுங்க."

கவிதா தலையில் கை வைத்தாள். "ஏனுங்கண்ணா அப்படிப் பண்ணுனீங்க?"

"விருந்தாளி வாராங்கன்னா வாசலைக் கூட்டாம உடுவமா அம்மிணி?"

பூச்சி இருந்தால்தான் அதன் வயிற்றில் குளவி இருக்கும். பூச்சியை எரித்தால் குளவியும் சேர்ந்து போயிற்று. செனாமி சாம்பலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடுத்த காட்டில் மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பால் செடிகளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். அதற்கடுத்ததில் மருந்து வாடை வரப்பிலேயே மூக்கில் ஏறியது. செய்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஒவ்வொருவரும் பெருமையோடு தங்கள் சுத்தத்தைக் காட்டினார்கள்.

மத்தியானம் என் காட்டுக்கு வண்டி திரும்பும்போது எனக்கு வியர்த்துவிட்டது. கவிதாவின் முழங்கையைத் தொட்டேன். "அம்மிணி, நானும் முந்தாநேத்து கிள்ளிப் போட்டுட்டன்."

"நீங்களுமாம்மா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் முருகேசன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். செனாமிக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை இவள் தமிழில் சொன்னாள்: "எங்க அம்மாவா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்களாம்."

என் வீட்டில் சாப்பாடு. குச்சிக்கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்து, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தட்டி வைத்திருந்தேன். செனாமி கையால் பிட்டுத் தோலுரித்த விதத்திலேயே பழகிய கை என்று தெரிந்தது. அவர் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். அவர்கள் ஊர்ப் பண்டம், காரி என்று பெயர். கிழங்கைத் துருவி, புளிக்க வைத்து, சாக்கில் கட்டிப் பிழிந்து, வறுப்பார்களாம். தண்ணீரும் சர்க்கரையும் வறுத்த நிலக்கடலையும் போட்டுக் கலந்து கொடுத்தார். புளித்த அவல் மாதிரி இருந்தது. சர்க்கரை எனக்கு ஆகாது என்பதால் அடுத்த கிண்ணத்தில் மோர் ஊற்றிக்கொண்டேன். அவர் என் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு மோர்ச்செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கிழங்கு எங்கள் ஊருடையது என்று நான் நினைத்திருந்தேன். அவர்களும் அவர்களுடையது என்றே நினைத்திருந்தார்களாம். இரண்டும் இல்லை, அது தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது என்றாள் கவிதா. பூச்சியும் அந்தப் பக்கத்ததுதான். முன்பு ஆப்பிரிக்காவில் அது புகுந்து சனங்கள் சோற்றுக்குத் தவித்தபோது, பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து தென் அமெரிக்காவில் தேடி அலைந்து இந்தக் குளவியைக் கண்டுபிடித்தார்கள். முகம் தெரியாத யார் யாரோ காடு காடாகத் தேடியதால்தான் என் குச்சி இன்று நிற்கிறது. வெந்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சேலம் பக்கத்துக் காடுகள். அங்கேயும் சுத்தம். போதாக்குறைக்குக் குறுக்குவழி என்று முருகேசன் ஒரு மண்தடத்தில் இறக்க, சொட்டுநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய இடத்தில் முன்சக்கரம் புதைந்தது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். செனாமியும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளினார். வண்டி இன்னும் கீழே போனது.

நல்லவேளையாகப் பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் போட்டு முடித்த ரிக் லாரி ஒன்று வந்தது. சங்கிலி போட்டு இழுத்துவிட்டார்கள். லாரியிலிருந்து இறங்கியவர் திருச்செங்கோட்டுக்காரர், எந்த நாடு என்று முருகேசனிடம் விசாரித்துவிட்டு, கிரீஸ் கையோடு செனாமியைப் பார்த்து, "போன்ழூர் மதாம்!" என்றாரே பார்க்கலாம். அவர்கள் நாட்டில் பேசும் பிரெஞ்சில் வணக்கமாம். எல்லோரும் வாயைப் பிளந்தோம்.

"மேடம் ஊருக்குப் பக்கத்து நாட்டுல ரெண்டு வருசம் போர் போட்டனுங்க. தண்ணி வந்தா ஊரே கூடி ஆடுவாங்க. நம்மூர்ல தண்ணி வந்தா எவ்வளவு ஆழம்னு கேட்டுட்டுப் போயிருவாங்க."

செனாமி அவர்கள் பாஷையில் கடகடவென்று பேசினார். அவர் பாதிப் பேச்சும் பாதிக் கையுமாகப் பதில் சொன்னார். கிளம்பும்போது, "நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். சின்னத் தட்டுவடை இரண்டுக்கு நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்துத் தருவார்கள். நின்றபடி ஒரே வாயில் போடவேண்டும். செனாமிக்கு முதல் செட் பாதி கவுனில் விழுந்தது. கடைக்காரர், "வாயை நல்லாத் தொறக்கச் சொல்லுங்கம்மா, டாக்டர்கிட்ட காட்டற மாதிரி" என்றார். அடுத்த செட் சிந்தவில்லை. பக்கத்து மளிகைக் கடையில் ஜவ்வரிசி மூட்டை திறந்திருந்தது. கிழங்கு மாவுதான் இப்படி முத்து முத்தாக உருட்டப்படுகிறது என்று கவிதா சொன்னதும், செனாமி முழங்கை வரை கையை விட்டு அளைந்தார். கடைக்காரர் கோபிப்பார் என்று பயந்தேன். அவர் ஒரு கவரில் போட்டு நீட்டி, "காசு வேண்டாமுங்க, அங்கே போய் நம்ம சேலத்துச் சரக்குன்னு சொல்லோணும்" என்றார்.

திரும்பும் வழியில் செனாமி பையைத் திறந்து பார்த்தார். குளவி போட அவர் கொண்டுவந்த கண்ணாடிக் குழாய்கள் அத்தனையும் காலி. அவர் இன்னும் ஒரே ஒரு நாள்தான் காடுகளில் சுற்ற முடியும். செனாமி ஜன்னலைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். கவிதா எங்களிடம் சொன்னாள்: "யாருமே கவனிக்காத காடு ஒண்ணு இருக்காதான்னு கேக்கறாங்க."

"அதைப் போய் ஆருங்கக்கா காட்டுவாங்க?" என்றான் முருகேசன். "பொண்ணு பாக்க வந்தவங்களை நேராப் பொடக்காலிக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி." பொடக்காலி என்றால் கொல்லைப்புறம்.

எனக்கு ஒரு காடு தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் சொல்ல நாக்கு எழவில்லை. காலமாகிவிட்ட என் வீட்டுக்காரருக்குப் பங்காளிகளான நாச்சிமுத்து, ராசப்பன் என்ற அண்ணன் தம்பியின் காடு அது. பாகப் பிரிவினையில் தகராறாகி வழக்கு நடக்கிறது. யார் கால் வைத்தாலும் மற்றவர் எதிர்ப்பார் என்பதால் நட்ட குச்சி வெட்டாமல் புதராக நிற்கிறது. தண்ணீரும் இல்லை, மருந்தும் இல்லை. மூத்தவர் நாச்சிமுத்து எனக்கு மச்சாண்டார் முறை, அதாவது புருஷனுக்கு அண்ணன். இந்த வயது வரை அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை, நேருக்கு நேர் பேசியதுமில்லை. குடும்பத்துச் சண்டையை வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுவதா என்றும் இருந்தது.

காலிக் குழாய்கள் வண்டி குலுங்கும்போதெல்லாம் கலகலவென்றன. வீட்டு வாசலில் இறங்கும்போது கவிதாவிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் அங்கே போனோம். கிழக்கே அண்ணன் சாளை, மேற்கே தம்பி சாளை, அதாவது காட்டு வீடுகள், நடுவில் வேலி போட்ட காடு. இரண்டு பேரும் அவரவர் கட்டிலில் உட்கார்ந்து நடுக்காட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் தரை கொதித்தது. வேலிக்கு உள்ளே, கைக்கு எட்டாத தூரத்தில் குச்சிகளின் கொழுந்து சுருண்டிருந்தது. செனாமி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

கவிதா பெரியவரிடம் எடுத்துச் சொன்னாள். அவர் அசையவில்லை. "கேசு நடக்குதும்மா. ஆரு காலு வெச்சாலும் அக்கட்ட இருக்கறவன் போட்டோ எடுத்துக் கோர்ட்டுல குடுத்துருவான்."

"நான் எடுக்கலீன்னா நீ எடுப்பே!" என்று தம்பி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"பாத்தியாம்மா, இவன்கூடத்தான் நான் ஒரு வயித்துல பொறந்தேன்."

கவிதா அனுமதிக் காகிதத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டார். செனாமிக்குப் பாஷை தெரியாவிட்டாலும் முடிவு தெரிந்துவிட்டது. காலிக் குழாய்ப் பையைத் தோளில் மாட்டித் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மச்சாண்டார் முன்னால் போய் நின்றேன்.

"மாமா" என்றேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். "இந்தக் குளவி அவங்கூட்டுப் பொண்ணுங்க. நம்மூருக்குக் கட்டிக் குடுத்தாங்க. வந்து நம்ம காடு கரையெல்லாம் காப்பாத்துச்சு. இப்ப மாசமா இருக்குது. தாய் ஊட்டுலருந்து கூட்டிட்டுப் போக ஆளு வந்து வேலியில நிக்குது. தலைப்பிரசவத்துக்கு அனுப்பமாட்டோம்னு நாம சொன்னமுன்னா, நாளைக்கு அந்தச் சீமையில நம்மூரைப் பத்தி என்ன பேசுவாங்க?"

முதலில் சிரித்தது தம்பிதான். "அண்ணிக்கு வாயி இருக்குது டோய்! இவங்க ஊட்டுக்கார அண்ணன் உசுரோட இருந்திருந்தா மயக்கம் போட்டிருப்பான்!"

மச்சாண்டார் தொண்டையைச் செருமினார். "பொண்ணை அனுப்பமாட்டேன்னு எவன் சொன்னான்? தாராளமாக் கூட்டிட்டுப் போகட்டும். ஆனா என்ற கடவு வழியாத்தான் வரோணும்."

"அதெப்படி?" என்று தம்பி தன் பக்கத்துக் கடவைக் காட்டினார். "மேடம் என்ற கடவு வழியா வரட்டும்."

கவிதா பாவம், இங்கிலீஷில் இதை எப்படிச் சொல்வது என்று விழித்தாள். வாயைத் திறந்தது திறந்தாகிவிட்டது, பாக்கியையும் நானே சொன்னேன். "போறப்ப மூத்தவரு கடவு. வாரப்ப இளையவரு கடவு. செரிங்களா?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஆனால் முருகேசனை விடவில்லை. பெண்கள் மூன்று பேர் மட்டும் போகலாம், அது கேசில் சேராது என்று மச்சாண்டார் தீர்ப்புச் சொன்னார்.

உள்ளே நெருஞ்சியும் கருவேல முள்ளும். செனாமி ஒரு கொழுந்தைப் பிரித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மாவுப்பூச்சிகள் சில பழுப்பாக இறுகி ஓடாகியிருந்தன. குளவி தின்ற அடையாளம். ஆனால் ஓட்டில் பொத்தல். வெளியேறிப் போய்விட்டது என்று அர்த்தமாம். அடுத்த கொழுந்திலும் பொத்தல். வரிசை வரிசையாகப் போனோம், எங்கும் வெற்று ஓடுதான். இவ்வளவு பேசிவிட்டு வெறும் கையோடு இளையவர் கடவில் எப்படிப் போய் நிற்பது?

காட்டின் நடு மேட்டில், வெயில் நேராக விழும் இடத்தில், செனாமி திடீரென்று மண்டியிட்டார். கையை மட்டும் பின்னால் நீட்டிக் குழாய் கேட்டார். நான் கொடுத்தேன். இன்னொன்று கேட்டார். இன்னொன்று. பொத்தல் இல்லாத முழு ஓடுகள்! கவிதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உள்ளே உயிர் இருக்கிறதா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. வெடித்து வந்தால்தான் தெரியும் என்றார் செனாமி.

இளையவர் கடவில் அவர் மனைவி தட்டோடு நின்றிருந்தாள். குங்குமம், மல்லிகைப் பூ, வெற்றிலை பாக்கு, கண்ணாடி வளையல். மாசமான பெண்ணை அனுப்பும்போது செய்கிற மாதிரியே செனாமியின் கைக்கு வளையல் போட்டுவிட்டாள். எதற்கு என்று கவிதா விளக்கியதும் செனாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று நீர் மட்டும் வந்தது. இதைப் பார்த்த மச்சாண்டார் ஒரு குலை இளநீரோடு காட்டைச் சுற்றி நடந்துவந்து, தம்பி வேலிக்கு மேலே நீட்டினார். வாங்கியது ராசப்பன். வழக்கு தொடங்கிய பிறகு ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கியது அதுதான் என்று அந்தம்மா என் காதில் சொன்னாள். வழக்கு இன்னும் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் காலை கவிதாவும் நானும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அவர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனோம். வழவழவென்ற தரை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றேன். மாடிப்படியில் செனாமி ஓடிவந்தார். செருப்பில்லை, சடை அவிழ்ந்திருந்தது, வளையல் குலுங்கியது. கையில் ஒரு குழாயை விளக்கைப் போல உயர்த்திப் பிடித்திருந்தார்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பாக, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஒன்று கண்ணாடியில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அடுத்த குழாயிலும் அசைவு. செனாமி பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். இறக்கையை விரித்து மடக்கி, மீசையை ஆட்டிக்கொண்டு, அது பாட்டுக்கு நடந்தது. எங்கள் மேட்டுக்காட்டு அனலில் பிறந்தது.

செனாமி தன் நாட்டுக்குப் போனில் கூப்பிட்டார். திரையில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அங்கே அப்போதுதான் விடிகிறதாம், வேலை நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்திருக்கிறார்கள். குழாயைக் காட்டியதும் ஒரே கூச்சல். செனாமி ஏதோ சொல்லிவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டார். அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் முன்னால் வந்து கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. கவிதா சொன்னாள்: "எங்க வடக்குப் பக்கத்து வெயிலை இது தாங்குமான்னு கேக்கறாருங்கம்மா."

வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டேன். "தாங்குமுங்க. ஒரு சொட்டுத் தண்ணியில்லாம, ஏன்னு கேக்க ஆளில்லாம, எங்க சித்திரை வெயில்ல நின்ன புள்ளைங்க. உங்க காட்டுலயும் நிக்குமுங்க. தைரியமா உடுங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கல்லாவில் இருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். கவிதா அதை இங்கிலீஷில் சொன்னாள், செனாமி அவர்கள் பாஷையில் சொன்னார். போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தாடிக்காரர் சிரித்தார், மற்றவர்கள் கை தட்டினார்கள்.

செனாமி போனை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. உங்கள் காட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். தாடிக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கதவு, படி, சிவந்த மண், ஒரு வாய்க்கால். பிறகு விடிகாலை வெளிச்சத்தில், காற்றுக்கு இலையை ஆட்டிக்கொண்டு, எங்கள் குச்சிக்கிழங்கேதான் நின்றிருந்தது.